இல்லிக்குடமும் ஆடும்

நன்னூல் நடத்தும்போது ஆண்டுதோறும் எனக்கொரு சங்கடம் வருவதுண்டு. பவணந்தியார் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கருக்கு மண்ணும் கிளியும் உவமை. கடைமாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என நான்கு. ஊற்றியதெல்லாம் ஒழுகிவிடும் ஓட்டைக்குடம். ஒரு செடியில் வயிறு நிறைய மேயாமல் அடுத்த செடிக்குத் தாவும் ஆடு. இந்த இடத்தில் வகுப்பில் சிரிப்பு எழும். யாரேனும் ஒருவன் பக்கத்து மாணவனைச் சுட்டிக்காட்டுவான். சுட்டப்பட்டவன் மட்டும் சிரிப்பதில்லை.

அந்தச் சிரிக்காத முகம் என் தங்கை மகனுடையதாகவும் இருந்தது. தங்கை வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். அவள் கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. நானிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பையனுக்கு ஒன்பது வயது. எழுதத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கமாட்டான். பென்சில், டிபன் பாக்ஸ், ஒருநாள் ஒற்றைச் செருப்பு என்று தினமும் ஏதாவது தொலைந்துவிடும். கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவான், பெரும்பாலும் வேறொரு கேள்விக்கு. "அண்ணே, புத்தியில்லாத பிள்ளைங்கிறாங்க. ஆனா ஆடுபுலி ஆட்டத்துல எங்க மாமனாரையே மடக்கிப்புடுறான். இது எப்படிண்ணே?" என்று தங்கை கேட்டாள். தேடல் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

முதலில் போனது அக்கம்பக்கத்தார் சொன்ன ஒரு 'கவுன்சலிங்' மையத்துக்கு. ஊரும் பெயரும் வேண்டாம். மூளையின் இரு பக்கங்களையும் விழிக்கச் செய்யும் பயிற்சி, மூன்று மாதம், முன்பணம் என்றார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்தாறு சான்றிதழ்கள். தமிழாசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் முழுதாக வாசித்துவிடுவான். அவற்றில் ஒன்றுகூட மருத்துவ உளவியல் படித்ததற்கானது அல்ல.

இந்த வேறுபாட்டை நம் ஊர்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ்ஸுக்கு மேல் படித்தவர். மருந்து எழுத உரிமையுள்ளவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. சோதனைகளும் பயிற்சிகளும் அவர் துறை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் அவர் பதிவு பெற்றிருக்கவேண்டும். அந்தப் பதிவை இணையத்திலேயே சரிபார்க்கலாம். 'கவுன்சலர்' என்ற பலகையை மாட்டுவதற்கோ எவரிடமும் எதையும் காட்டவேண்டிய கட்டாயம் நடைமுறையில் இருப்பதாகத் தெரியவில்லை. பதிவெண் கேட்டால் கோபப்படுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. நாங்கள் எழுந்து வந்தோம்.

பிறகு குழந்தை மருத்துவர் ஒருவர் மதுரைக்கு வழிகாட்டினார். ராஜபாளையத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணன்கோவில், தே.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று பஸ் நின்று நின்று போகும். ஆலைத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் சம்பளம். அந்தப் பயணத்தில் பையன் ஜன்னலோர இருக்கையைப் பதினோரு முறை மாற்றினான், எண்ணியது நான்.

மனநல மருத்துவர் ஒரு படிவத்தைத் தந்தார். கவனம் பற்றி ஒன்பது, மிகையியக்கமும் பொறுமையின்மையும் பற்றி ஒன்பது என்று குணங்களின் பட்டியல். சிறுவர்களுக்கு ஏதேனும் ஒரு தொகுதியில் ஆறாவது ஆறு மாதமாக இருக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்கவேண்டும். முக்கியமாக, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். எனவே வகுப்பாசிரியைக்கும் ஒரு படிவம் போயிற்று. எல்லாம் ஆங்கிலம். நான் அமர்ந்து மொழிபெயர்த்தேன். 'பராக்குப் பார்க்கிறான்' என்ற ஒரு தொடர் மூன்று கேள்விகளை விழுங்கிவிட்டது. முனைவர் பட்டத்துக்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லை.

ஏ.டி.எச்.டி. என்று முடிவாயிற்று. தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு குறை! 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே வகைப்படுத்தினார். ஒழுக்கம் போய்க் 'கவனம்' பெயருக்குள் வர 1980 ஆயிற்று. ஆடுபுலி ஆட்டத்தில் மணிக்கணக்கில் அமர்பவனிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தும் கடிவாளம்தான் கைக்கு வரவில்லை. தங்கையின் கேள்விக்கு அதுதான் விடை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தில்பெனிடேட் 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. தயாரித்த பனிசோன் தம் மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவை வைத்து அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார். இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. எங்கள் இரண்டு ஊரிலும் ஏறி இறங்கிவிட்டு மதுரையிலேயே வாங்கினோம்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த உளவியலாளரைப் பற்றி. பையனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்வார் என்று காத்திருந்தோம். அவர் இருபது நிமிடத்தில் பையனை வெளியே அனுப்பிவிட்டுத் தங்கையையும் அவள் கணவரையும் உள்ளே அழைத்தார். "பயிற்சி உங்களுக்குத்தாம்மா. நான் இவனைப் பார்க்கிறது மாசத்துல ரெண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நீங்கதானே பார்க்கிறீங்க?" என்றார். தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து, "அப்ப தப்பு எம்மேலயாண்ணே?" என்றாள்.

தப்பு என்பதல்ல. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்து என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும். அடுத்த முறை உளவியலாளரே அவளுக்கு இதைப் பொறுமையாக விளக்கினார், மதுரைத் தமிழில், ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல். அவரைத் தேர்ந்துகொள்ள எனக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது.

ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லக்கூடாது. ஒன்று முடிந்தபின் அடுத்தது. முடித்தவுடன், மாலையில் அல்ல, அந்த நிமிடமே பாராட்டு. தங்கை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிவைத்து, முடித்த வேலைக்கு ஒரு புளியங்கொட்டை என்று போடத் தொடங்கினாள். இருபது சேர்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா பால்கோவாவோடு வரவேண்டும் என்பது ஒப்பந்தம். வகுப்பாசிரியை அவனை முன்வரிசைக்கு மாற்றி, கரும்பலகை துடைக்கும் பொறுப்பையும் தந்தார். எழுந்து நடப்பதற்கு அவனுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. சட்டம் எதுவும் அவரை வற்புறுத்தவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு, இது இல்லை.

மதுரைக்குப் போகமுடியாத பெற்றோர் என்னிடம் கேட்கும்போது 14416 என்ற எண்ணைத் தருகிறேன். 2022இல் தொடங்கிய டெலிமானஸ். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது, எங்கே போவது என்று கேட்கவாவது உதவும்.

இந்த மாதம் இரண்டு முறை பால்கோவா வாங்கியாயிற்று. மூன்றாவது பாட்டிலில் பதினான்கு கொட்டைகள் இருப்பதாக நேற்றிரவு பையனே போன் செய்து சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டு எங்கோ ஓடிவிட்டான்.