முழு இழப்பு

சரக்கு லாரி ஒன்று மோதி எங்கள் கார் நொறுங்கியபோது, எவர் உயிருக்கும் ஊறு நேராதது பெரும்பேறு. மனைவியின் வலக்கை முறிந்தது. காரைப் பார்வையிட வந்த மதிப்பீட்டாளர் 'முழு இழப்பு' என்று எழுதிச் சென்றார்.

அச்சொல்லின் பொருளைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். செப்பனிடும் செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் கண்ட மதிப்பில் 75 விழுக்காட்டை மீறினால் காரை முழு இழப்பாகக் கொள்வர். அம்மதிப்போ நாம் கொடுத்த விலையன்று, தேய்மானம் கழித்தது. பத்திரம் தொடங்கும் நாளில் மூன்றாண்டைக் கடந்த காருக்கு 40 விழுக்காடு கழிந்துவிடும். எங்களுடையது அத்தகையது. பட்டியல் விலை 8 இலட்சம், மதிப்பு 4,80,000. அதிலும் வங்கிக் கடன் பாக்கி 1,90,000 முதலில் போயிற்று.

உடைந்த காரை நாமே விற்பதாயின், அதற்கென மதிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொண்டே காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். வாங்க வந்த வணிகர், பதிவுச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தால் நாற்பதாயிரம் கூடுதலாகத் தருவேன் என்றார். ஓடாத வண்டிக்கு ஓடும் சான்றிதழ் எதற்கு? திருடிய கார் ஒன்றுக்கு அந்த எண்ணைச் சூட்டி உலவவிடுவதற்கே! நாளை அது எவரையேனும் மோதினால் காவலர் தேடி வருவது நம் வாயிலுக்கன்றோ? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அழிந்த வண்டியைப் பற்றிப் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழை ஒப்படைக்கச் சொல்கிறது. அவ்வாறே செய்தேன். மகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவனுக்குப் புதுக்கார் மீது ஆசை. மனைவியோ இனிக் காரே வேண்டாமென்றாள். ஆயின் என் தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஆகவே பழைய கார் ஒன்றைத் தேடினோம். அடிச்சட்ட எண்ணைச் சான்றிதழுடன் நானே ஒப்பிட்டேன். தாயாரை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தோம். மூன்றாவது காரில்தான் அவர் எவர் கையையும் பற்றாமல் ஏறினார். விலை 3,10,000.

மனைவி இன்னும் முன்னிருக்கையில் அமர்வதில்லை. பின்னால் மாமியாருடன் அமர்ந்து, இருவர் இடைவாரையும் பூட்டிய பின்பே, "சரி, எடுங்கள்" என்கிறாள்.