மலாயா வீடு

கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு, ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர் என்னும் செய்தியைப்போல் மகிழ்ச்சியையும் கலக்கத்தையும் ஒருங்கே தருவது பிறிதொன்றில்லை. வருவோர் நம்மைக் காண வருகின்றனரா, நம் வாழ்வை அளக்க வருகின்றனரா என்பது பல வேளைகளில் அவர்க்கே தெரியாது. வெளிநாட்டில் இருப்பவன் செல்வன் என்பது ஊரார் கணக்கு. தோட்டத்து ஆப்பீசில் செக்ரோல் புத்தகத்தோடு காலந்தள்ளும் கிராணியின் கணக்கு வேறு. இவ்விரு கணக்கும் ஒரே கூரையின்கீழ்ப் பத்து நாள் தங்கவேண்டுமாயின், இலைபோட்டுப் பரிமாறுவோன் பாடு எளிதன்று.

இந்தியக் குடிகள் விசாவின்றி மலேசியாவுக்கு வரலாம் என்னும் ஏற்பாடு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் என் சிற்றப்பாவும் சின்னம்மாவும் வந்து சேர்ந்தனர். சிற்றப்பா என் பாட்டனாரின் தம்பி மகன். துறையூருக்கு அருகே ஒரு சிற்றூரினர். என் பாட்டனார் 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே, உடலுழைப்பாளரைச் செலவு கொடுத்து மலாயாவுக்கு அழைத்துச் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆதலின் அவர் ஏறத்தாழக் கடைசிக் கூட்டத்தாருள் ஒருவர். கப்பலின் அடித்தட்டிலே ஒரு வாரம் கிடந்து அவர் கடந்த தொலைவைச் சிற்றப்பா திருச்சியிலே விமானமேறி நான்கு மணி நேரத்தில் கடந்தார்.

விமான நிலையத்திலிருந்து தாப்பா வரையில் விரைவுச் சாலை. அதிலே சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இரு மருங்கும் செம்பனை, மீண்டும் செம்பனை. "பால்மரம் எங்கே, தம்பி? பெரியப்பா கடிதத்திலெல்லாம் பால்மரந்தானே?" என்று சிற்றப்பா கேட்டார். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தாப்பா வந்துவிட்டது. அங்கே ஒரு கடையில் இறங்கினோம். கடைக்காரர் "பசியாறினீர்களா?" என்றார். சின்னம்மா வியந்து, காலைச் சிற்றுண்டிக்கு இத்தனை அழகிய சொல்லா என்று இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச் சடக்கு. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-இல் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். ஆயினும் மோட்டார் வண்டி ஏறத்தக்க பாதை அமைந்தது 1930-களின் தொடக்கத்திலேதான். லாத்தா இஸ்கந்தார் அருவியண்டை வண்டியை நிறுத்தினேன். காட்டுத் தேனும் பெத்தாய்க் காயும் விற்கும் பூர்வகுடிப் பெண்ணிடம் சின்னம்மா தமிழிலேயே பேரம் பேசினார், அவள் மலாய் மொழியிலே விடை சொன்னாள், வியாபாரம் முடிந்தது! வளைவுகளைச் சிற்றப்பா விரல்விட்டு எண்ணி வந்தார். "எங்கள் கொல்லிமலையில் எழுபது கொண்டையூசி வளைவு. இது அதற்கு ஈடாகாது" என்றார். சொல்லிய வாய் மூடுமுன் குமட்டல் வந்து தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். கொல்லிமலையைப்பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

தேயிலைச் சரிவுகளைக் கண்டதும் இருவரும் வாயடைத்து நின்றனர். 1929-இல் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இவையெல்லாம் பெருங்காடு என்றேன். சின்னம்மா தேடியதோ வேறு. முதுகிலே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களைத் திரைப்படத்தில் கண்டவர் அவர். இங்கே இருவர் ஒரு வெட்டுப் பொறியை இரு தலைப்பிலும் பற்றிக்கொண்டு செடிவரிசையின்மேல் நடந்து சென்றனர். ஒருவர் வங்காளதேசத்தார், மற்றவர் நேபாளத்தார். "நம்மவர் எங்கே?" என்றார். நம்மவர் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர் என்றேன். பெரட்டுக் களத்து மணியோசைக்கு அஞ்சி விழிக்காத தலைமுறையொன்று தோன்றியதுபற்றி எனக்கு மகிழ்ச்சியே. ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைப் பறித்த கைகளுக்கு வந்தது எவ்வளவு என்பதை நான் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

நிற்க. வீட்டுக்கு வந்தோம். கிராணி வீடென்றால் இரண்டு அறை, ஒரு கூடம், குளிருக்கு அடைத்த சன்னல். என் தந்தையாரும் எங்களுடனேயே இருக்கிறார். தேயிலை ஆலையிலே முப்பதாண்டு உழைத்து 60-ஆம் வயதில் ஓய்வுபெற்றபோது, அவர் குடியிருந்த லயத்து வீட்டைத் தோட்ட நிருவாகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலை உள்ளவரையில் கூரை உண்டு. வேலை போனால் கூரையும் போகும். இது தோட்டத்திலே யாவரும் அறிந்தது. ஊரிலிருந்து வந்தவர்க்குத்தான் புதிது.

"வீடு யார் பேரில், தம்பி?" என்றார் சிற்றப்பா, முதல் நாள் இரவே.

"கம்பெனி பேரில்."

"நீ ஓய்வுபெற்றால்?"

"சாவியைக் கொடுத்துவிட வேண்டும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தம் வீட்டுப் படத்தை என் தந்தையாருக்குக் காட்டினார். திண்ணையும், நான்கு மரத்தூண்களும், நாட்டோட்டுக் கூரையும் உடைய நல்ல வீடு. போருக்குப் பின் பாட்டனார் மாதந்தோறும் அனுப்பிய மணியார்டர்ப் பணத்தில் எழும்பியது அது. ஊரார் இன்றளவும் அதனை "மலாயா வீடு" என்றே சொல்கின்றனராம். கட்டுவித்தவர் அதனைக் கண்டதேயில்லை. அவர் மகனாகிய என் தந்தையாரும் அன்றுதான், அதுவும் படத்திலே, கண்டார்.

ஒன்பதாம் நாள் இரவு சிற்றப்பா தம் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். நான் ஆங்கில வழியிலே படித்தவன். பத்திரத் தமிழ் எனக்கு மெல்லத்தான் விளங்கும். எனினும் தலைப்பிலிருந்த "விடுதலைப் பத்திரம்" என்னும் சொல் உடனே விளங்கிற்று. பட்டாவிலே பாட்டனார் பெயரும் இன்னும் இருக்கிறதாம். பாகம் பிரிக்கவேண்டுமாயின் எங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துத் தந்தையார் கையெழுத்திட வேண்டும். கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தின் சான்றும் வேண்டும்.

என் உள்ளம் கசந்தது. மலைவளைவுகளும் அருவியும் தேயிலையும் காண வந்த பயணமன்று இது என்று எண்ணினேன். ஆயினும் சிற்றப்பாவைப் பேராசைக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டும் வரிகட்டியவரும், ஓடு மாற்றியவரும், என் பாட்டனாரின் தாயைக் கடைசிவரை வைத்துப் பேணியவரும் அவர்கள் குடும்பத்தாரே. பணம் அனுப்பியது மட்டுந்தான் நாங்கள். கேட்கும்போது அவர் குரலும் தடுமாறியது.

தந்தையார் பத்திரத்தை வாங்கி, மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டின்கீழ் வைத்தார். "கையெழுத்துப் போடுகிறேன், தம்பி. முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு" என்றார். சிற்றப்பா நெடுநேரம் தரையைப் பார்த்திருந்து, "வாங்கண்ணே" என்றார்.

அடுத்த கிழமையே தந்தையார் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். தை மாதம் வரலாம் என்றும், கூடத்தை அடுத்த அறைக்கு வெள்ளையடித்து வைப்பதாகவும் சிற்றப்பா சொல்லியனுப்பினார். கட்டில் வேண்டுமா, பாய் போதுமா என்றும் கேட்டிருந்தார். பாய் போதும் என்று சொல்லச் சொன்னார் தந்தையார்.