விசிலை வெட்டினோம், குரல் கேட்டது



நேற்றுப் பின்னேரம் விஞ்ஞான கூடத்தில் பிள்ளைகளோடு அமெச்சூர் ரேடியோ கேட்டோம். ஒரு சின்ன யூஎஸ்பி ரிசீவர், லெப்டொப், முற்றத்தில் இழுத்துக் கட்டிய வயர், அவ்வளவுதான். 7 மெகாஹேர்ட்ஸில் யாரோ பேசுகிறார். கூடவே விடாமல் ஒரு விசில். திரையில் அது மெல்லிய நேர்கோடாகத் தெரிந்தது. சொஃப்ட்வெயாரில் உள்ள நொட்ச் பில்டரை அந்தக் கோட்டின் மேல் வைத்தோம். விசில் போனது, பேச்சுத் தெளிந்தது. வெட்டை அகலமாக்கிப் பார்த்தோம். பேச்சும் சேர்ந்து தேய்ந்தது.

பிறகு 145 மெகாஹேர்ட்ஸ். அங்கே எஃப்எம் பாட்டு இரைச்சலாகப் பரவிக் கிடந்தது. நொட்ச் உதவவில்லை. பலமான சிக்னல் ரிசீவரையே திணறடித்த பிறகு சொஃப்ட்வெயாரால் மீட்க முடியாது. அன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் 88–108 மெகாஹேர்ட்ஸைத் தடுக்கும் பில்டர் போட வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு சேர்?" என்று ஒருவன் கேட்டான்.

2004 சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனது அமெச்சூர் ரேடியோ. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. நாங்கள் அன்று, சொந்தங்களின் செய்தி தெரியாமல் தவித்தவர்கள். அப்படியொரு நாள் வரக்கூடாது. வந்தால், இரைச்சலுக்குள் மெலிந்த குரலைப் பிரித்துக் கேட்க ஊரில் நாலு பேராவது இருக்க வேண்டும்.