வாவிக்கரை ஊர்களில் வெயிலும் உமியும் தறியும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கு இணையாக, ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவே உப்பும் நன்னீரும் கலந்த இந்த நீர். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாவி கடலோடு கை கோர்க்கிறது. நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அதனால்தான் 'மீன்பாடும் தேனாடு' என்ற பெயர். அங்கே இரும்பாலான பழைய பாலமும், 2013-ல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஊர்கள் மணிமாலைபோல் வருகின்றன. ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை. காத்தான்குடியின் பிரதான வீதி நடுவே ஈச்சமரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். பார்த்ததும் அரபு நாட்டு நினைவு வரும். ஆனால் இவ்வூர்கள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி மருதமுனை போன்ற கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. போர் 2009-ல் முடிந்தது. அதன் பிறகுதான் இந்த மக்கள், பிள்ளைகள் எதைச் செய்து பிழைப்பார்கள் என்று நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

ஒரே தொழிலைச் செய்பவர்கள் ஓரூரில் கூடினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல், திருப்பூரில் பனியன். ஒருவருக்கு இயந்திரம் பழுதானால் அடுத்த தெருவில் திருத்துபவர் இருப்பார். மூலப்பொருள் மொத்தமாக வரும். வியாபாரி தேடி வருவார். அப்படி வாவிக்கரை ஊர்கள், காற்றையும் நீரையும் கெடுக்காத தொழில்களில் கூடிப் பெயரெடுக்க முடியுமா? முடியும் என்பதற்கான விதைகள் இங்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

வெயில்

வடகீழ்ப் பருவ மழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை விட்டால், இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாவியின் மேற்குக் கரையில் வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. வீட்டுக் கூரைகளுக்கு, 2016 செப்டம்பரில் அரசாங்கம் தொடங்கிய 'சூரியபல சங்கிராமய' திட்டம் வழி திறந்தது. கூரையில் விளையும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கே விற்கலாம். அன்று வைத்த விலை முதல் 7 வருடங்களுக்கு யூனிட் 22 ரூபாய், அதன்பின் 15 ரூபாய் 50 சதம். பின்னால் சேர்ந்தவர்களுக்கு விலை மாறியது. 2022-ல் நாடே இருட்டில் கிடந்து, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததையும், அதன்பிறகு கட்டணம் ஏறியதையும் கண்டவர்களுக்குக் கூரை வெயிலின் அருமை தெரியும்.

இதில் பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் மகளுக்குக் கல்யாணத்தில் வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டுக்காக வாப்பா வெளிநாட்டில் வெயிலில் உழைத்துத் தேய்வது சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் வீடு பெண்ணுடையது என்றால் கூரையும் பெண்ணுடையதுதானே! அந்தக் கூரையின் வருமானம் குறித்து முடிவெடுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

முதல் போட வட்டிக்குக் கடன் வாங்க மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. வட்டியில்லா முறையில் இயங்கும் அமானா வங்கி 2011-ல் இலங்கையில் தொடங்கியது. இத்தகைய வங்கிகளின் முராபஹா முறையில், பொருளை வங்கியே வாங்கி, தன் லாபத்தை முன்கூட்டிச் சொல்லி, தவணையில் நமக்கு விற்கும். தகடு வாங்க நினைப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, பகலில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. அதே வருடம் பெப்ரவரி 9-ல் நாடு முழுவதும் மின்சாரம் போயிருந்த பயம் அதற்குக் காரணம். பகலில் விளையும் மின்சாரத்தைப் பகலிலேயே தின்ன ஆள் வேண்டும் என்பதே இதன் பாடம். அரிசி ஆலை, தறி, ஐஸ் தொழிற்சாலை எல்லாம் பகலில் ஓடுபவை. தொழில்கள் கூடியிருப்பதன் பயன் இங்கேதான் புரிகிறது.

உமி

வாவிக்கு மேற்கே 'படுவான்கரை' முழுக்க வயல். 100 கிலோ நெல்லைக் குற்றினால் சுமார் 20 கிலோ உமி மிஞ்சும். ஆலைகளுக்கு அது தலைவலி. பக்கத்துத் திருகோணமலையில் டோக்கியோ சிமெண்ட் ஆலை 2008-ல், உமி போன்ற கழிவை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் அமைத்தது. கழிவைச் சொத்தாக்கும் யோசனை இந்தக் கரைக்கும் புதிதல்ல. வடக்கே வாழைச்சேனையில் 1950-களில் எழுந்த காகித ஆலை, நம் வயல் வைக்கோலையே மூலப்பொருளாக்கியது. போரும் நட்டமும் அதை முடக்கின. அங்கேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. வைக்கோலை வேகவைத்த கரிய நீர் எங்கே போகிறது என்று கேட்காவிட்டால், சுத்தமான யோசனையும் அழுக்கில் முடியும்.

சாயம்

மருதமுனையில் தறிச் சத்தம் தெருவிலேயே கேட்கும். சாரனும் புடவையும் நெய்வதில் பேர்பெற்ற ஊர். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்த மூதாட்டியிடம் தொழில் எப்படி என்று கேட்டேன். "நெய்யிறதுக்குப் பயமில்ல மகள். நூல் வெலதான் ஏறுது. சாயத் தண்ணிய எங்க ஊத்துற? அதான் யோசன" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தறிக்காரரும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஊருக்கு ஒன்று கட்டலாம். வாவியின் வடக்குமுனையில் ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி ஆலைகளுக்கென்றே முதலீட்டுச் சபை பெரிய வளாகம் ஒதுக்கியிருக்கிறது. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம். நெசவும் சாயமும் பிள்ளைகளுக்கு வேலை தரும். ஆனால் கழிவுநீரைப் பற்றி முதல் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டியதும் அங்கேதான்.

கேட்கத் தவறினால் என்ன ஆகும்? வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலில் நம் மக்கள் செல்வம் சேர்த்தார்கள். ஆனால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்தது. திருப்பூரில் நொய்யல் கெட்டு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் பூட்டப்பட்டால் பட்டினி கிடப்பது முதலாளியல்ல, கூலிக்காரப் பெண்தான். ஆறு நீர் ஓடிக்கொண்டாவது இருக்கும். வாவியோ பெரும்பாலும் தேங்கிய நீர். அதில் விழுந்தது எளிதில் வெளியேறாது. இறாலும் நண்டும் மீனும் பிடித்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இதே நீரைத்தான் நம்பியிருக்கின்றன.

இங்கே அறிவுக்கும் குறைவில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். பொறியியல் படித்த பெண்பிள்ளைகள் பட்டத்தோடு வீட்டில் இருக்கிறார்கள். கடற்காற்றின் உப்பு தகட்டின் சட்டத்தைத் தின்னும். அதைக் கழுவ, பார்க்க, திருத்த ஊரிலேயே ஆள் வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வர ஒரு வாரம் காத்திருப்பதைவிட, பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைச் செய்தால் கூலியும் ஊரிலேயே தங்கும். சாயக் கழிவைச் சோதிக்கவும் இவர்களே போதும். தொழிலும் படிப்பும் பணமும் தனித்தனித் தீவுகளாக நிற்பதுதான் குறை. பள்ளிவாசல் நிர்வாகமும், கோவில் நிர்வாகமும், வர்த்தகர் சங்கமும், மாதர் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நீர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் கெடுத்துச் சம்பாதித்த காசில் பரக்கத் எங்கிருந்து வரும்? சகோதரிகளே, உங்கள் ஊரில் எந்தத் தொழில் வந்தாலும், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்றும் கேளுங்கள். மருதமுனை மூதாட்டி கேட்ட கேள்விதான் அது. அதற்குப் பதில் வைத்திருக்கும் தொழில் இன்ஷா அல்லாஹ் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிலைக்கும்.