மின்சாரம் நின்ற மோட்டார் சைக்கிளும் 21 வாட் பல்பும்: பசுமலைப் பட்டறைகளை முன்வைத்து

பதினைந்து ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து மெல்ல விலக்கும் அரசுக் கொள்கையின் ஒரு பகுதி அது. ஆயினும் மதுரையில் பழங்காநத்தத்திலிருந்து பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம் நோக்கிச் செல்லும் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உள்ள பட்டறைகளுக்குப் புல்லட்டும் யெஸ்டியும் ஆர்எக்ஸ் 100-ம் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் கெட்டு வரும் வண்டி பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே சத்தத்தாலும் புகையாலும் தன் நிலையைச் சொல்லிவிடுகிறது. மின்கோளாறு அப்படியன்று, நன்றாக ஓடிய வண்டியில் விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் ஆகிய யாவும் ஒரே நொடியில் நின்றுவிட, உரிமையாளர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்கிறார். உடைந்த பாகம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இக்கோளாற்றின் தனித்தன்மை; இதைத் தேடிக் கண்டுபிடிப்பவரை மற்ற மெக்கானிக்குகளிடமிருந்து பிரித்து ‘வயரிங்காரர்’ என்று அழைப்பதும் அதனால்தான்.

மோட்டார் தொழிலோடு மதுரைக்கு உள்ள உறவு நெடியது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் இந்நகரில்தான் பேருந்து ஓட்டிப் பெயர்பெற்றது. அதன் பெயரைத் தாங்கிய டிவிஎஸ் நகர் பசுமலைக்கு அணித்தே உள்ளது. அக்குழுமம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் நிறுவிய லூகாஸ்-டிவிஎஸ், இந்திய வண்டிகளுக்கான டைனமோ, ஸ்டார்ட்டர் முதலிய மின்பாகங்களைச் சென்னையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. லூகாஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் நெடுங்காலமாகக் கேலி செய்துவருகின்றனர். பசுமலைப் பட்டறை மேசைகளின் மேல் பிரித்துப் போடப்பட்ட பழைய வயர்களைப் பார்த்தால் அக்கேலி முழுவதும் நியாயமானதன்று என்றே தோன்றுகிறது. பாகங்களைவிட அவற்றை இணைக்கும் முனைகளே மிகுதியாகக் கெட்டிருக்கின்றன, செம்புக் கம்பியில் களிம்பு ஏறியிருக்கிறது.

எல்லாப் பழைய வண்டியும் ஒரே விதமாக நின்றுபோவதில்லை. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சினோடு சுழலும் மேக்னட் தனிச்சுருளின் வழியாக நேரே தருவதால், பேட்டரி முற்றிலும் செத்தாலும் வண்டி ஓடும். ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டுமே போகும். பழைய புல்லட்டில் பேட்டரியின் மின்சாரம் இக்னிஷன் காயிலுக்குச் சென்று, பட்டறைகளில் ‘பிளாட்டினம்’ என வழங்கும் காண்டாக்ட் பாயிண்ட் திறக்கும் கணத்தில் தீப்பொறியாகிறது. ஆகவே பேட்டரி வழி அறுந்தால் உதைத்து எழுப்பவும் இயலாது. வண்டி தானே ஓடுகிறதா, விளக்கு மட்டும் போயிற்றா என்ற முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையிலேயே வயரிங்காரரின் தேடல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்ததன் விளைவாகத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட், மின்கோளாற்றைக் கற்பதற்கு ஏற்ற வண்டியாகும். ஏனெனில் ஹெட்லைட் கூட்டின் மேல் ஓர் அம்மீட்டர், அதாவது பேட்டரிக்குள் செல்லும் அல்லது அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் சிறு கருவி, அதில் இருக்கிறது. சாவியைப் போட்டு உதைகட்டையை மெல்ல அழுத்தும்போது, பாயிண்ட் மூடியிருந்தால் முள் கழித்தல் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அதைப் பார்த்து அறிந்த பின்னரே பழைய ஓட்டுநர்கள் முழு உதை உதைப்பார்கள். அதே முள் கோளாற்றையும் வகைபிரித்துத் தருகிறது. சாவி போட்டும் முள் அசையாமல் இருந்து, விளக்கும் எரியாவிட்டால் அறுபட்ட இடம் பேட்டரிக்கும் சாவி சுவிட்சுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. முள் சாய்ந்தும் தீப்பொறி இல்லையெனில் பாயிண்டையோ காயிலையோ கண்டென்சரையோ பார்க்க வேண்டும். முள் ஒருமுறை ஓரம்வரை எகிறி விழுந்திருந்தால் எங்கோ ஷார்ட், ஃப்யூஸ் போயிற்று.

ஆனால் இந்தச் சாட்சியே குற்றவாளியாகவும் இருக்கக்கூடும். முதன்மை மின்னோட்டம் அம்மீட்டரின் உள்ளேயே செல்வதாலும், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் ஓயாது அதிர்வதாலும், அதன் பின்புற முனை தளர்ந்தோ உள்ளே விட்டோ போவதுண்டு. அப்போது நல்ல பேட்டரியும் நல்ல ஃப்யூஸும் இருந்தும் வண்டி முழுதும் செத்துக் கிடக்கும். அம்மீட்டருக்கு வரும் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது பட்டறைகளில் முதலிலேயே செய்யப்படும் சோதனை. விளக்கு எரிந்துவிட்டால், பல உரிமையாளர்கள் அப்படியே முறுக்கி டேப் சுற்றித் தரச்சொல்லிப் போய்விடுகிறார்கள். முள் இருந்த இடத்தில் வெறும் அலங்காரம் எஞ்சுகிறது.

அம்மீட்டரும் பதில் சொல்லாத இடத்தில் வெளிவருவது டெஸ்ட் லேம்ப். பிரேக் லைட்டின் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, அதற்கு ஒரு ஹோல்டர், இரு வயர், ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் கூரிய ஊசி. இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர் மலிவாகக் கிடைக்கும் நாளில் மூத்த வயரிங்காரர்கள் இதைக் கைவிடாதிருப்பதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று கருதுவது எளிது. அது பிழை. மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம் ஆகையால் அது மின்சாரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை எனலாம். களிம்பேறி 1000 ஓம் தடையாகிவிட்ட முனையைத் தாண்டியும் அது 12 வோல்ட் என்றே காட்டும். பல்போ எரிய வேண்டுமானால் 1.75 ஆம்பியர் கேட்கும். அதே கெட்ட முனையின் வழியாக அதற்கு 0.1 வோல்ட் கூடக் கிடைக்காது, எரியாது. வால்வு மூடிய குழாயில் கசியும் நீர் அழுத்தமானியை மட்டும் உயர்த்துமே தவிர வாளியை நிரப்பாது. பழைய வண்டியில் பெரும்பாலான கோளாறு முழு அறுப்பாக இல்லாமல் இத்தகைய பாதி அறுப்பாக இருப்பதால், பளு ஏற்றிச் சோதிக்கும் பல்பு இவ்விடத்தில் நுண்கருவியைவிட உண்மையானது.

சோதனை முறையும் சிக்கனமானது. கிளிப்பை சேஸிஸில், அதாவது எர்த்தில் மாட்டிக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக ஊசியால் தொட்டுக்கொண்டே வந்தால், எரிந்த இடத்திற்கும் எரியாத இடத்திற்கும் நடுவில்தான் குற்றம். வழி முழுவதும் எரிந்தும் ஹெட்லைட் எரியவில்லையெனில் குற்றம் எர்த் பக்கம். பெயிண்ட் அடித்த ஃபிரேமின் மேல் எர்த் வயரை முடுக்கிவிடுவதால் வரும் கோளாறு இது. பழைய பிரிட்டிஷ் வழக்கில் பேட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருந்ததால், மிகப் பழைய வண்டியில் எம்முனை ஃபிரேமோடு சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது.

இதே பல்பின் இன்னொரு பயன்பாடு அழகானது. ஃப்யூஸ் போடப் போட எரிந்துபோகும் வண்டியில், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பல்பை மாட்டிவிடுகிறார்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு ஒளியோடு எரியும், ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் செல்லவிடாது என்பதால் வயர் உருகாது. பிறகு ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புவது, சீட்டுக்கு அடியில் வயர்க்கட்டை அசைப்பது, பின் மட்கார்டை அழுத்துவது என ஒவ்வோர் இடமாகத் தொட்டுவர, எந்த அசைவில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் தோல் உரிந்த வயர் இரும்பைத் தொடுகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி முதல் சந்தேகத்துக்குரிய இடம். ஆயிரக்கணக்கான முறை வளைந்த வயரின் உள்கம்பி ஷார்ட் இல்லாமலே அங்கே இழையிழையாக அறுவதும் உண்டு, அப்போது மேல்தோல் மட்டும் முழுதாகத் தெரியும். பேட்டரிக்கு மின்னேற்றம் தரும் ஆல்டர்னேட்டரோ ரெக்டிஃபையரோ கெடும்போது பேட்டரி சில நாளில் மெல்ல வடிந்து நிற்கும். அது வேறு கோளாறு, திடீரென்று வருவதன்று.

இவ்வளவு நுட்பமான தேடலுக்குக் கூலி என்று ஒன்று தனியே கணக்கில் இல்லை என்பதே இத்தொழிலின் அவலம். ஒரு மணி நேரம் தேடி, சில ரூபாய் மட்டுமே பெறும் டெர்மினல் ஒன்றை மாற்றி வண்டியை உயிர்ப்பித்தவரிடம், ‘என்ன பார்ட்ஸ் மாற்றினீர்கள்?’ என்ற கேள்வியே முதலில் வருகிறது. மாற்றிய பாகத்தைக் கையில் காட்ட முடியாதவருக்குக் காசு கொடுக்க வாடிக்கையாளரின் மனம் இசைவதில்லை. பேட்டரியையோ வயரிங் செட் முழுவதையுமோ மாற்றினால் கடைக்காரர் பட்டறைக்குக் கழிவு தருகிறார், வாடிக்கையாளரும் புதுப்பொருளைப் பார்த்து நிறைவடைகிறார், நேரமும் மிச்சமாகிறது. கண்டுபிடிப்பவரைத் தண்டித்துக் கழற்றிப் போடுபவருக்குப் பரிசளிக்கும் இந்தக் கணக்கை வகுத்தவர் தொழிலாளி அல்லர். பாகத்தின் விலையில் மட்டுமே இலாபம் ஒளிந்திருக்குமாறு அமைந்த விற்பனைச் சங்கிலி அது. மலிவு விலையில் வரும் வயரிங் செட் சிலவற்றில் செம்பின் கனமே குறைவு என்பதால், மாற்றியதும் புதுக்கோளாறு தொடங்குகிறது. அதற்கும் பழி ஏற்பவர் வயரிங்காரர்தாம். இதைப் புரிந்துகொண்ட சிலர் ‘பார்க்கும் கூலி’ என்று ஒரு தொகையை முன்னதாகவே பேசிவிடுகின்றனர். அப்படிப் பேசத் துணிந்தவர் மிகச் சிலரே.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகள் ஏறத்தாழ அனைத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கும் அதை ஆளும் ஈசியூ என்னும் சிறு கணினிக்கும் மாறிவிட்டன. சென்சார் கேட்கும் மில்லி ஆம்பியர் அளவிலான வயரில் 21 வாட் பல்பைத் தொடுத்தால் கணினியே பழுதாகலாம் என்பதால், அவ்வண்டிகளின் அருகே டெஸ்ட் லேம்ப் அனுமதிக்கப்படுவதில்லை. கோளாற்றின் எண்ணைக் காட்டும் ஸ்கேனரும் மல்டிமீட்டருமே அங்கு வேலை செய்கின்றன. அதனால் ஒரே பட்டறையில் இரண்டு பயிற்சிகள் நடக்கின்றன: ஐடிஐ முடித்துவரும் இளைஞர் மீட்டரோடு வருகிறார், அவருக்குப் பழைய புல்லட் ஒன்றைக் கொடுத்து, மீட்டர் 12 வோல்ட் காட்டியும் விளக்கு ஏன் எரியவில்லை என்று பல்பை மாட்டிக் காட்டுவது மூத்தவரின் வேலையாகிறது; ஈசியூ வண்டி வந்தால், மூத்தவர் ஒதுங்கி நின்று இளைஞரின் கையிலுள்ள ஸ்கேனரின் திரையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.