பூட்டிய கதவு

எமது தமக்கையாரின் மூளையில் இரத்தக்குழாயொன்று குமிழ்போற் புடைத்திருந்தது. வைத்தியர் மண்டையைத் திறவாமல், தொடையடி நாடிவழி நுண்குழாய் செலுத்திப் பிளாற்றினக் கம்பிச்சுருள்களால் அதனை அடைத்தார். 1990இல் குக்லியெல்மி என்னும் இத்தாலிய அறிஞர் முதன்முதல் நோயாளியொருவருக்குக் கையாண்ட முறை அது. பத்தாம் நாளே அக்கா அடுக்களை புகுந்தார்; கண்டம் கழிந்ததென மகிழ்ந்தோம்.

ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. “சுகமாயிருக்கிறேன், பிறகெதற்குத் தம்பி?” என்றார். நாமும் தயங்கியே அழைத்துச் சென்றோம். இரத்தம் ஓயாது மோதியதிற் சுருள்கள் ஒடுங்க, குமிழின் வாய் மீளத் திறந்திருந்தது. நோவில்லை, அறிகுறியில்லை, படமே காட்டிக்கொடுத்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்வதுண்டாம். அனைவருக்கும் மறுசிகிச்சை வேண்டுவதில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்தது, மீண்டும் சுருளிட்டனர், இன்று நலமாயுள்ளார்.

வாசக நேயர்களே, பூட்டிய கதவையும் உறங்குமுன் ஒருமுறை இழுத்துப் பார்க்கின்றோமே! வைத்தியர் குறித்த நாளைத் தவறவிடலாமா?