மில் லாக்ஸுக்கு ஒரு படகு

கோடைகாலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் மினியாபொலிஸ் நகரிலிருந்து வடக்கே செல்லும் 169-ஆம் நெடுஞ்சாலையைப் பார்க்கிற அந்நியன் எவனுக்கும், இந்தத் தேசத்தில் பிரளயம் வரப்போவதாக யாரோ ஆரூடம் சொல்லிவிட, ஜனங்கள் அவரவர் சக்திக்கேற்ற ஓடத்தை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டு நிலம் தேடிப் புறப்பட்டுவிட்டார்களோ என்று தோன்றாமல் இராது. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 என்று கணக்குச் சொல்கிற மினசோட்டா மாநிலத்தில், வீட்டு வாசலை விட்டு இறங்கினால் ஏரி என்றிருக்கும்போது, படகைக் கட்டி இழுத்துக்கொண்டு நூறு மைல் போவானேன் என்று என் தம்பி மகனைக் கேட்டேன்.

"பக்கத்து ஏரியிலும் மீன் இருக்கிறது, பெரியப்பா. ஆனால் மில் லாக்ஸ் ஏரியின் வால்ஐ அங்கே கிடைக்குமா?" என்றான் அவன். வால்ஐ என்பது 1965 முதல் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வமான மீன். அந்தி வெளிச்சத்தில் அதன் கண் பூனைக்கண்போல் மின்னும். அந்தக் கண்ணின் பலத்தினாலேயே மங்கிய ஒளியில் இரை தேடும். அதன் ருசியைப் பற்றி இங்குள்ளவர்கள் பேசத் தொடங்கினால், கேட்கிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் தப்பிவிடும்.

தம்பி மகன் இங்கே வந்து குடியேறிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஐந்து மாதம் பனியில் கிடக்கும் ஊரில் புத்தி கலங்காமல் இருக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பித்துப் பிடித்திருப்பது அவசியம் என்று தீர்மானித்து, மீன்பிடிப் பித்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். அந்த வித்தையில் அவனுக்குக் குரு, பக்கத்து வீட்டுப் பெரியவர். வாழ்நாளெல்லாம் நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு அடி நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்றை இவன் பழையதாக வாங்கியபோது, அதன் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்து விலை சொன்னவரும் அவரே. படகு, அதன் பின்புறத்து மோட்டார், அதைத் தாங்கும் டிரெய்லர், பாட்டரிகள், தூண்டில் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3,000 ராத்தல், அதாவது 1,360 கிலோ. நம் ஊர் அம்பாஸடர் காரைவிடக் கனமான சுமை.

புறப்படுவதற்கு முன் பெரியவர் வண்டியைச் சுற்றி வந்த விதத்தில் ஒரு பிரதட்சிணத்தின் சிரத்தை இருந்தது. பிக்கப் வண்டியின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் கழுத்தை இறக்கிப் பூட்டினார். இணைப்பு விட்டுப்போனாலும் கழுத்து தரையில் இடிக்காமல் தாங்கிக்கொள்ளும் பொருட்டு, இரண்டு சங்கிலிகளையும் அதன் அடியில் குறுக்காக மாற்றி மாட்டினார். பிறகு டிரெய்லர் டயர்களின் காற்றை அளந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தால் கல்லாக இருந்த அந்த டயர்களுக்கு 50 ராத்தல் காற்று வேண்டுமாம். கொஞ்சம் குறைந்தாலும் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். அந்தச் சூடெல்லாம் பெட்ரோலிலிருந்து வந்த சூடுதான், அது சும்மா வரவில்லை என்றார். படகின் அடியில் உள்ள தக்கையைப் பிடுங்கிக் கையில் எடுத்துக் காட்டினார். ஓர் ஏரியின் நீர் இன்னோர் ஏரிக்குப் போனால் வரிக்குதிரைச் சிப்பி போன்ற வேண்டாத ஜந்துக்கள் பரவிவிடும் என்பதற்காக, தக்கையைக் கழற்றி நீரையெல்லாம் வடித்துவிட்ட பிறகே படகைச் சாலையில் கொண்டுபோக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஒரு காலன் ஜலம் எட்டு ராத்தலுக்கு மேல் கனக்கும் என்பதால், ஏரியைக் காக்க வந்த சட்டம் பெட்ரோலையும் சிறிது காப்பாற்றிக் கொடுக்கிறது.

வண்டி கிளம்பியவுடன் சம்பாஷணையும் கிளம்பிற்று. அது மைலேஜைப் பற்றியது. படகு இழுக்கும் இருவர் எங்கே சந்தித்தாலும், குழந்தை குட்டிகளைப் பற்றி விசாரிப்பதற்கு முன், "என்ன கொடுக்கிறது?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். வண்டி விற்பவர் கண்ணாடியில் ஒட்டித் தரும் மைலேஜ், பின்னால் எதையும் கட்டாமல் சோதித்த மைலேஜ். எட்டு சிலிண்டர் கொண்ட இந்த வண்டி வெறுமனே போனால் காலனுக்கு 20 மைல் கொடுக்கும். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். படகைக் கட்டியதும் அது 12, 13 என்று இறங்கிவிடும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். காலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், 15 டாலரில் முடிய வேண்டிய நூறு மைல் 24 டாலருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேச சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியபோது இந்தச் சாலையே காலியாகிவிட்டிருக்கும் என்று நான் எண்ணினேன். அப்படி ஒன்றும் இல்லையாம்; எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்களாம்.

பெரியவர் வண்டியின் கைப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். வண்டி என் தம்பி மகனுடையது, நோட்டு அவருடையது. தேதி, ஓடிய மைல், போட்ட காலன், காற்றடித்த திசை என்று பென்சிலால் நான்கு பத்தி. வண்டியின் முகப்பில் ஓர் எண் மினுக்கிக்கொண்டு தானாகவே மைலேஜைச் சொல்லுகிறதே என்றேன். அது முகஸ்துதி செய்கிற எண், டாங்க் நிரம்பிக் குழாய் 'டக்' என்று தானே நிற்கும்வரை போட்டு, அந்தக் காலனால் ஓடிய மைலை வகுத்து வருவதுதான் சத்தியம் என்றார் அவர்.

பாரம்தான் பெட்ரோலைத் தின்கிறது என்று நினைத்திருந்தவனுக்கு அந்த நான்காவது பத்தி விசித்திரமாகப் பட்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் பாரம் தன் பங்கைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மினியாபொலிஸ் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 830 அடி. மில் லாக்ஸ் ஏரி 1,251 அடி. நூறு மைல் தூரத்தில் நானூறு அடி என்பது ஏற்றமே அல்ல. ஸிம்மர்மன், பிரின்ஸ்டன், மிலாகா என்று ஊர்கள் வந்து போகின்றன. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே சாலை சமதரையாக நீள்கிறது. இந்த மாதிரிச் சமவெளியில், வேகமாகப் போகும் வண்டிக்குப் பெரும் சத்துரு எதிரே நிற்கும் காற்றுதான். அதன் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கப்படி வளர்வது: அறுபது மைல் வேகம் எழுபதானால் வேகம் ஏறுவது ஆறில் ஒரு பங்கு, காற்றின் எதிர்ப்பு ஏறுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். படகின் முன்கண்ணாடி, தூக்கி நிறுத்திய ஆசனம், சரியாக இழுத்துக் கட்டாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும் கான்வாஸ் உறை என்று காற்றைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொன்றும் இதற்கு உடந்தை. தூண்டில் பெட்டியில் ஈயக்குண்டுகளைக் குறைத்துப் பாரத்தை இறக்குகிறவன், வேகமுள்ளில் ஐந்து மைலைக் குறைப்பவனுக்கு முன்னால் ஒன்றுமே மிச்சம் பிடிப்பதில்லை.

இதைத் தேசம் முழுவதற்குமே கட்டளையாகப் போட்டுப் பார்த்தார்கள். அரபு நாடுகள் 1973-இல் எண்ணெயை நிறுத்தி வைத்ததன் விளைவாக, நெடுஞ்சாலைகளில் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற சட்டத்தில் 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்டார். பெரியவர் அப்போது புதிதாக லாரி ஓட்ட வந்த வாலிபர்; அந்தச் சட்டத்தின்மீது அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. 1987-இல் கொஞ்சம் தளர்த்தி, 1995-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு இன்றும் 55 மைல்தான். இங்கே 65 வரை போகலாம். அநேக டிரெய்லர் டயர்கள் தாங்கும் வேகமும் அவ்வளவே. ஆயினும் எங்களைத் தாண்டிச் சென்ற படகுகள் பல. தம்பி மகனும் லேசாக எழுபதைத் தொட்டுத் தொட்டு வந்துகொண்டிருந்தான். ஏரியின் நடுவே, மணிக்கு ஒரு மைல் வேகத்தில் படகைத் தவழவிட்டு, ஒரு கடிக்காக அரை நாள் காத்திருக்கும் பொறுமைசாலிகள், அந்த ஏரியை அடைவதற்கு மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மிலாகாவைத் தாண்டிய பிறகு கொல்லைகள் குறைந்து காடு வந்தது. ஏரியை நெருங்கும்போது பெட்ரோல் போட ஓரிடத்தில் நின்றோம். படகோடு வருபவன் வளைந்து நெளிந்து திரும்ப முடியாதாகையால், நேராக நுழைந்து நேராக வெளியேறும் பம்புகளுக்கு மட்டும் பெரிய வரிசை. உள்ளே குளிர்பெட்டியில் பால் பாட்டில்களுக்குப் பக்கத்துத் தட்டில் வெள்ளைக் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. தயிர் என்று நினைத்து ஒன்றின் மூடியைத் திறந்தேன். கருமையான அட்டைகள் ஜலத்தில் ரிப்பன் ரிப்பனாக நெளிந்தன. ஆனி மாத வால்ஐக்கு அட்டையைப்போல் ருசியான பதார்த்தம் வேறில்லையாம். டஜன் கணக்கில் விற்கிறார்கள். கல்லாவில் இருந்த பெண் அதையும் ரொட்டியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே பெரியவர் டிரெய்லர் சக்கரங்களின் குடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரனின் நெற்றியில் தாய் கை வைப்பது மாதிரி. வெதுவெதுப்பு இருக்கலாம், கை சுட்டால் உள்ளே கிரீஸ் வற்றிப் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம், தேய்ந்த பேரிங்கும் பெட்ரோலைக் குடிக்கும். அதைவிட, சூடான சக்கரத்தைத் தாமதிக்காமல் குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால், குடத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி வெளியே உள்ள ஜலத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆகையால் துறைக்குப் போன பிறகும் கால்மணி நேரம் சும்மா நின்றோம். வேகமாக வந்து மிச்சம் பிடித்த நிமிஷங்கள் அங்கே போய்விட்டன.

மில் லாக்ஸ் ஏரி எதிர்க்கரை தெரியாமல் விரிந்து கிடக்கிறது. இருநூறு சதுர மைலுக்கு மேல் பரப்பு. அவ்வளவு பெரிய ஏரியின் அதிகபட்ச ஆழம் நாற்பது அடி சொச்சம்தான் என்பதால், கொஞ்சம் காற்று அடித்தாலும் உடனே அலை எழும்பிவிடும். படகை இறக்கியவுடன் இரண்டாவது பெட்ரோல் கணக்கு தொடங்கிற்று. முழு வேகத்தில் விட்டால், மோட்டாரின் குதிரைசக்தியைப் பத்தால் வகுத்து வருகிற அத்தனை காலன் மணிக்குச் செலவாகும் என்பது படகோட்டிகளின் வாய்ப்பாடு. எங்களுடைய 115 குதிரை மோட்டாருக்கு அது பதினொன்றரைக் காலன். மெதுவாகத் தவழவிட்டாலோ ஒரு காலனும் ஆகாது. இந்த மோட்டாருக்குச் சாலைப் பெட்ரோலைப் போடுவதற்குப் பெரியவர் சம்மதிப்பதில்லை. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் என்ற சாராயம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் படகின் டாங்கில் ஜலம் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எனவே, சாராயம் கலக்காத, விலை கூடிய பெட்ரோலைத் தனியாக வாங்குகிறார்கள்.

காலனுக்கு 18.4 சென்ட் மத்திய சர்க்காரின் பெட்ரோல் வரி. 1993 முதல் அது மாறவில்லை. வண்டி எரித்த பெட்ரோலின் வரி பெரும்பாலும் சாலைக்குப் போகிறது. படகு எரித்ததாகக் கணக்கிடும் பெட்ரோலின் வரியோ, 1984-இல் செய்த ஒரு சட்டத் திருத்தத்தின்படி, மீன்வளத்துக்கும் படகுத் துறைகளுக்குமான நிதியில் சேருகிறது. தூண்டில் சாமான்களின்மீது விதிக்கும் வரியைக் கொண்டு மீனை வளர்க்கும் ஏற்பாடு அதற்கும் முந்தியது, 1950-இல் வந்தது. நாங்கள் படகை இறக்கிய கான்கிரீட் சரிவும் அப்படி யாரோ எரித்த பெட்ரோலின் புண்ணியமாக இருக்கக்கூடும். வரி கட்டுகிறவன் தன் வரியின்மேலேயே வண்டியைப் பின்னுக்கு ஓட்டி இறக்குவது வேறெங்கே உண்டு?

மீன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது; ஆனால் இந்த ஏரியில் எத்தனை எடுக்கலாம், எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதெல்லாம் வருஷா வருஷம் மாறும் விதி. 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இங்கே மீன்பிடிக்கும் உரிமை ஒஜிப்வே பழங்குடி மக்களுக்கு உண்டு என்று 1999-இல் தேசத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநிலமும் அந்த மக்களும் வருஷத்து விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மீன் குறைந்துபோன 2016-இல், தூண்டில்காரர்கள் வால்ஐயைப் பிடித்தால் உடனே ஜலத்தில் விட்டுவிட வேண்டும் என்றே உத்தரவு. அந்த வருஷமும் சளைக்காமல் படகை இழுத்துக்கொண்டு வந்ததாகப் பெரியவர் சொன்னார். அப்படியானால் அந்த வருஷத்து மீன் ராத்தல் என்ன விலை விழுந்தது என்று நான் கேட்டேன். பெரியவர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கு இதில் பத்தி கிடையாது என்றார்.

மறுநாள் திரும்பி வரும்போது, என் வேண்டுகோளுக்கு இணங்கித் தம்பி மகன் அறுபதைத் தாண்டவில்லை. வீட்டருகே பெட்ரோல் போட்டு வகுத்துப் பார்த்தார்கள். போகும்போது 11.4, வரும்போது 14.2. ஏறக்குறைய இரண்டு காலன் மிச்சம். அதற்காகக் கொடுத்த கூடுதல் நேரம் கால்மணிக்கும் குறைவு. "பார்த்தீர்களா பெரியப்பா, வேகத்தைக் குறைத்ததன் பலன்!" என்று தம்பி மகன் குதூகலித்தான். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று வடமேற்குக் காற்று எதிரே அடித்தது. இன்று அதே காற்று முதுகில் தள்ளிற்று. பென்சிலால் நான்காம் பத்தியில் அதைத்தான் எழுதினார். வேகமா, காற்றா என்று இருவரும் பம்பின் அருகிலேயே நின்று நெடுநேரம் வாதாடினார்கள். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்த பிறகே நகர்ந்தார்கள். கடைசியில், காற்றில்லாத ஒரு நாளாகப் பார்த்து, போகும்போது அறுபதும் வரும்போது எழுபதுமாக ஓட்டிப் பரிசோதித்தால் ஒழிய இது தீராது என்று இருவரும் ஏகமனதாக முடிவு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எத்தனை டஜன் அட்டை வாங்குவது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.